ஒளிக்கலையும் ஊர்வரலாறும்: ஒரு மறுப்பு

சில மாதங்களுக்கு முன்னர் எமது பீடத்திலே நிகழ்ந்த உரையொன்றில், ஐரோப்பிய நகரங்களில் இராக்காலத்தே நடத்தப்பெறும் ஒளி விழாக்களின் படங்கள் திரையிற் காட்டப்பட்டன. பழைய தேவாலயச் சுவர்களிலே வண்ணங்கள் ஓடின. சதுக்கங்களிலே குழந்தைகள் ஓட, அவர்தம் காலடியை ஒளிவட்டங்கள் தொடர்ந்தன. உரையாற்ற வந்தவர் பிறநாடுகளிற் பல்லாண்டு வாழ்ந்தவர். எமது நகரங்கள்மீது உண்மையான பரிவு கொண்டவர். பார்வையாளன் என்றொருவன் இனி இல்லை, தொட்டவன் எல்லாம் கலைஞன், நகரத்தின் வரலாறு ஏடுகளை விட்டு வீதிக்கு இறங்கிவிட்டது என்பதே அவரது உரையின் சாரம். எமது கோட்டைகளையும் மணிக்கூட்டுக் கோபுரங்களையும் இவ்வாறு ஒளியூட்டினால் உல்லாசப் பயணிகள் வருவர், இளைஞர் தம் ஊர்வரலாற்றை அறிந்துகொள்வர் என்று கூறி அவர் முடித்தார். மண்டபம் கைதட்டியது. கேள்விகளுக்கென ஒதுக்கப்பட்ட நேரத்தை நன்றியுரை விழுங்கிவிட்டது. கையை உயர்த்தியபடி இருந்தவர்களுள் நானும் ஒருவன். அன்று கேட்க எண்ணியது ஒரேயொரு கேள்விதான். அது கட்டுரையாக வீங்கிவிட்டமைக்கு இவ்விதழின் ஆசிரியரே பொறுப்பு.

ஒளியைக் கருவியாகக் கொண்ட கலைக்கு நான் எதிரியல்லன் என்பதை முதலிலேயே கூறிவிடுகிறேன். கல்லும் வண்ணமும் கலைக்கு உரியவையாயின் மின்னொளியும் உரியதே. எனக்கு மறுப்பு எழுவது 'பங்கேற்பு' என்னும் சொல் இங்கு ஆளப்படும் விதத்திலேயாகும். ஒருவர் நடக்கிறார்; நிலத்தினடியில் வைத்த கருவி அவரது பாரத்தை உணர்கிறது; நீலம் சிவப்பாகிறது. நடப்பவர் அமைச்சராயினும் நாட்கூலியாயினும், துயருற்றவராயினும் களித்திருப்பவராயினும் நீலம் சிவப்பாகவே மாறும். அமைத்தவர் முன்னதாக எண்ணிவைக்காத எதனையும் அந்த இடத்தில் அவராற் செய்ய இயலாது. மின்தூக்கியின் பொத்தானை அழுத்துபவரை அக்கட்டடத்தின் சிற்பி என்று யாரும் அழைப்பதில்லை. ஆயினும் அதே செயலை ஒரு சதுக்கத்திலே, இரவிலே, வண்ண விளக்குகளின் கீழே செய்தால் அது சனநாயகக் கலையாகிவிடுகின்றது! இடைவினைக் கலை என்ற பெயரில் இன்று வழங்குவனவற்றுட் பெரும்பாலானவை இத்தகைய புகழுரைகளே. பொதுமகனை 'நீயும் படைப்பாளி' என்று முகமன் கூறி, அவன் கையிலிருந்ததையும் வாங்கிக்கொள்கின்றன.

கையிலிருந்ததை வாங்கிக்கொள்வது என்று யான் கூறுவது வெறும் சொல்லலங்காரமன்று. பிரான்சிலுள்ள லியோன் நகரத்தை எடுத்துக்கொள்வோம். உரையாளர் மிக விரும்பிக் காட்டிய நகரமும் அதுவே. 1852 ஆம் ஆண்டு டிசெம்பர் 8 ஆந் திகதி, அந்நகரத்துக் குன்றின்மேல் மரியன்னையின் சிலை திறந்துவைக்கப்படவிருந்தது. செப்டெம்பரில் நடக்கவேண்டிய விழா ஆற்று வெள்ளத்தாற் பிற்போடப்பட்டிருந்தது. குறித்த நாளிலும் புயல் மூண்டது. ஏற்பாட்டாளர் தமது வாணவேடிக்கையைக் கைவிட எண்ணினர். மாலையில் வானம் வெளித்தபோது, எவரும் ஆணையிடாமலே, குடிமக்கள் தத்தம் யன்னல் விளிம்புகளிலே சிறு விளக்குகளை ஏற்றிவைத்துவிட்டுத் தெருவில் இறங்கினர் என்பது அந்நகர மரபு. கார்த்திகை விளக்கீட்டன்று வாசலிற் சுட்டி வைத்த எவருக்கும் அக்காட்சியை விளங்கிக்கொள்ள அதிக கற்பனை வேண்டியதில்லை. விழாவை நடத்தியோர் தோற்ற இடத்திலே வீட்டார் வென்றனர்.

1989 இல் அந்நகர நிருவாகம் கட்டடங்களுக்கு ஒளியூட்டும் பெருந்திட்டம் ஒன்றை வகுத்தது. 1999 இலிருந்து டிசெம்பர் 8 ஐ ஒட்டிய நான்கு இரவுகள் ஒளி விழாவாக மாறின. இன்று இலட்சக்கணக்கானோர் அங்கு திரள்கின்றனர். யன்னல் விளக்குகள் முற்றாக மறைந்துவிடவில்லை. பலர் இன்றும் ஏற்றுகின்றனர் என்பதை மறைப்பது நேர்மையன்று. ஆனால் விழாவின் மையம் யன்னலை விட்டுச் சுவருக்குப் போய்விட்டது. விளக்கை ஏற்றிய கை, படம்பிடிக்கும் கையாகிவிட்டது. 'உள்ளூர் நகர வரலாற்றின் தூண்டுதலிற் பிறந்த கலை' என்று இதனை விளம்பரப்படுத்துவோர், அந்த வரலாற்றில் இருந்த ஒரேயொரு முக்கியமான விடயத்தைத் தலைகீழாக்கிவிட்டனர். 1852 இல் பார்வையாளர் என ஒரு கூட்டம் இருக்கவில்லை.

எனவே வரலாற்றைப் 'பயன்படுத்தும்' ஒளிக்கலை எல்லாம் இப்படித்தான் ஆகவேண்டுமா என்ற வினா எழுகின்றது. ஆகவேண்டியதில்லை என்பதற்குச் சான்றாக ஒரு படைப்பை இங்கு சற்று விரிவாக நோக்க விரும்புகிறேன். அது மாணவர் சம்பந்தப்பட்டது. ஒரு பல்கலைக்கழகத்தின் ஆதரவிலே நிகழ்ந்தது. இவ்விதழின் வாசகர்களுக்கு அந்நியமாயிராது.

மெக்சிக்கோ நகரின் வடபகுதியிலே ட்லாற்றெலொல்கோ என்னுமிடத்தில் 'முப்பண்பாட்டுச் சதுக்கம்' உள்ளது. அங்கு மூன்று காலங்கள் ஒன்றின்மேலொன்றாய்க் கிடக்கின்றன. அஸ்ரெக் மக்களின் கோயிலடித்தளங்கள் ஒருபுறம். அக்கோயில்களின் கற்களைக் கொண்டே ஸ்பானியர் எழுப்பிய சந்தியாகோ தேவாலயம் இன்னொருபுறம். இவற்றைச் சூழ்ந்து, 1960களின் முற்பாதியிலே கட்டடக் கலைஞர் மாரியோ பானி அமைத்த நூறளவான குடியிருப்புத் தொகுதிகள். 1521 ஓகஸ்ட் 13 இல் அஸ்ரெக்கரின் இறுதி எதிர்ப்பு வீழ்ந்த இடமும் இதுவே. அந்த வீழ்ச்சி வெற்றியுமன்று தோல்வியுமன்று, இன்றைய மெக்சிக்க மக்களின் வேதனை மிக்க பிறப்பு என்ற பொருள்பட அங்கே கல்லிற் பொறித்து வைத்துள்ளனர். அரசுகள் எழுதும் கல்வெட்டுகளுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு: கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒரே வாக்கியத்திற் சமரசமாகிவிடுகின்றனர்.

1968 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அந்நாட்டு மாணவர் வீதியில் இறங்கினர். கலகமடக்கும் பொலிஸ் படையைக் கலைத்தல், அரசியற் கைதிகளை விடுவித்தல் என்பன அவர்களது கோரிக்கைகளுட் சில. உபவேந்தரே ஓர் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கி முன்னே நடந்தார் (இவ்வரியை எழுதும்போது பேனா சிறிது தயங்குகிறது). செப்டெம்பர் 13 ஆந் திகதி வாயைத் துணியாலும் ஒட்டுநாடாவாலும் கட்டிக்கொண்டு, கோஷம் எதுவுமின்றிப் பல்லாயிரவர் மௌன ஊர்வலம் போயினர். செப்டெம்பர் 18 இல் இராணுவம் பல்கலைக்கழக வளாகத்துட் புகுந்தது. ஒக்டோபர் 2 ஆந் திகதி மாலை, அச்சதுக்கத்திலே ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தனர். மாணவரோடு, அயல் வீடுகளின் தாய்மாரும் பிள்ளைகளும் இருந்தனர். மேடையென்று தனியாக ஒன்றில்லை. அடுக்குமாடிக் கட்டடமொன்றின் மூன்றாம் தளத்து மாடத்திலிருந்து பேசினர். மாலை ஆறு மணி கழிந்து சில நிமிடங்களில் வானிலிருந்து ஒளிக்குண்டுகள் இறங்கின. அவை சமிக்ஞை. சூடு தொடங்கியது. பொதுமக்களின் உடையில், இடக்கையில் வெள்ளைக் கையுறை அணிந்து நின்ற 'ஒலிம்பியா' படைப்பிரிவினர் கூட்டத்துட் கலந்திருந்தனர். சனாதிபதிக் காவற்படையைச் சேர்ந்த குறிசுடுவோர் அயற் கட்டடங்களில் நிறுத்தப்பட்டிருந்தமையைப் பின்னாளில் வெளிவந்த ஆவணங்கள் காட்டின. இறந்தோர் எத்தனை பேர் என்பதற்கு இன்றுவரை ஒத்துக்கொண்ட தொகையில்லை. அரசு கூறியது சில பத்துகள், பிறர் கணித்தது முந்நூறு வரை. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாயினர். பத்து நாள் கழித்து, ஒக்டோபர் 12 ஆந் திகதி, அதே நகரில் ஒலிம்பிக் விளையாட்டுகள் தொடங்கின. வீதியெங்கும் சமாதானத்தின் சின்னமாக வெண்புறாப் படங்கள் தொங்கின. இந்தியாவில் மெக்சிக்கோவின் தூதுவராயிருந்த கவிஞர் ஒக்ரேவியோ பாஸ் தமது பதவியைத் துறந்தார்.

இங்கு இரு விடயங்களை வாசகர் மனங்கொள்ளல் வேண்டும். அச்சதுக்கத்தின் ஓரத்திலே வெளிநாட்டமைச்சின் உயர்ந்த கோபுரம் ஒன்று நின்றது. அதை அமைத்த பேத்ரோ ராமிரெஸ் வாஸ்கெஸ் என்னும் கட்டடக் கலைஞரே ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவின் தலைவராகவும் இருந்தார். கட்டடக்கலை அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று வாதிப்போர் இதற்கு விடை சொல்லட்டும். மற்றையது, அன்றிரவு அச்சதுக்கத்திலே முதலிற் பேசியது ஒளியே என்பதாகும். துப்பாக்கிக்கு முன்னர் ஒளிக்குண்டு. எமது பெற்றோர் 'பரா வெளிச்சம்' என்று சொல்வதை நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். வானிலிருந்து மெல்ல இறங்கி, பதுங்குகுழி வாசலிலே இரவைப் பகலாக்கிய அந்த வெளிச்சத்தை அழகிய காட்சி என்று அவர்களில் எவரும் வருணிக்கக் கேட்டதில்லை. ஒளி என்றாலே அறிவு, ஒளி என்றாலே விடுதலை என்ற பழகிய உவமைகளை ஒளிக்கலை பற்றி எழுதுவோர் தாராளமாகக் கையாளுகின்றனர். ஒளி பிடித்துக் காட்டவும் வல்லது, குறிபார்க்கவும் வல்லது.

இப்போது படைப்புக்கு வருவோம். 2008 இல், அப்படுகொலையின் நாற்பதாவது ஆண்டு நிறைவுக்கென, 'உரத்த குரல்' எனப் பொருள்படும் 'வோஸ் அல்ற்றா' என்ற ஒளிப்படைப்பை ரபாயல் லொசானோ ஹெமர் அமைத்தார். இவர் 1967 இல் மெக்சிக்கோ நகரிற் பிறந்து, கனடாவின் மொன்றியலில் வாழ்பவர். பயின்றது பௌதிக இரசாயனம். வெளிநாட்டமைச்சு இடம்பெயர்ந்த பின்னர் அக்கோபுரம் மெக்சிக்கோ தேசிய தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்து, 2007 இலிருந்து 1968 பற்றிய நினைவுக்கூடம் அங்கே இயங்கிவந்தது. படைப்பின் அமைப்பு மிக எளியது. படுகொலை நடந்த அதே இடத்தில் ஓர் ஒலிபெருக்கிக் குழல் வைக்கப்பட்டது. எவரும் வரலாம், எதையும் பேசலாம். பேசும் குரலின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப 10 கிலோவாற் வலுவுடைய தேடொளி விளக்கொன்று மின்னியது. குரல் உயர ஒளி பெருகியது, குரல் அடங்க ஒளி அவிந்தது. அந்த ஒளிக்கற்றை கோபுரத்தின் உச்சியை எட்ட, அங்கிருந்து மேலும் மூன்று தேடொளிகள் அதே துடிப்பை நகரத்தின்மேல் ஏவின: ஒன்று வடக்கே, ஒன்று அரச மாளிகை நிற்கும் பெருஞ்சதுக்கத்தை நோக்கி, ஒன்று புரட்சி நினைவுச் சின்னத்தை நோக்கி. வானம் தெளிந்த இரவிலே 15 கிலோமீற்றர் தொலைவு வரை அது தெரிந்தது. தொலைவில் நின்று ஒளியை மட்டும் கண்டவர், வானொலிப் பெட்டியிலே பல்கலைக்கழக வானொலியின் 96.1 பண்பலையைத் திருப்பினால், ஒளி என்ன சொல்கிறது என்பதை அக்கணமே கேட்கலாம். யாரும் பேசாத வேளைகளிற் சதுக்கத்து விளக்கு அணைந்திருந்தது. கோபுர விளக்குகளோ தப்பிப் பிழைத்தோரின் சாட்சியங்களையும், அறிஞரின் செவ்விகளையும், 1968 இன் இசையையும் ஆவணக் களஞ்சியத்திலிருந்து எடுத்து ஒளியாக்கின.

ஆயிரக்கணக்கானோர் வந்து பேசினர். முன்னனுமதி இல்லை, தணிக்கை இல்லை, இடையிலே நின்று 'நேரம் முடிந்தது' என்று சொல்ல ஒருவரும் இல்லை. பிழைத்திருந்த முதியோர் பேசினர். புதிய போராட்டங்களுக்கு அழைப்பு விடுத்தோர் இருந்தனர். கவிதை சொன்னோர், நண்பருக்கு வணக்கம் சொன்னோர், அங்கேயே ஒருவரை மணம்புரியக் கேட்டோரும் இருந்தனர்.

நான் மேலே கூறிய மின்தூக்கிப் பொத்தானுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இனி விளக்கவேண்டியதில்லை எனினும், ஒரு சொல். இங்கே கலைஞர் தருவது கருவியை மாத்திரமே. அக்கருவிவழி என்ன வரும் என்பதை அவரும் அறியார், பல்கலைக்கழகமும் அறியாது, அரசும் அறியாது. நேரடி வானொலியில் அது போய்க்கொண்டிருக்கிறது என்பதால் அறிந்த பின்னரும் எவராலும் திருப்பி வாங்க இயலாது. ஏற்பாட்டாளர் அஞ்சவேண்டிய ஏதேனுமொன்று இருந்தாலன்றிப் பங்கேற்பு என்ற சொல்லைப் பயன்படுத்துதல் தகாது. தமக்கு எதிராகவே பேசப்படலாம் என்ற அச்சத்தை எந்த ஒளி விழாவின் ஏற்பாட்டாளர் இதுவரை ஏற்றுக்கொண்டுள்ளார்?

எனது நண்பர்களுள் முற்போக்கு அணியைச் சேர்ந்தோர் இதை ஒப்புக்கொள்ளார் என்பதை அறிவேன். விடுதியறையிலே இது பற்றி இருமுறை மோதிக்கொண்டோம். அவர்களது முதல் ஆட்சேபம், இத்தகைய படைப்புகள் பெருஞ்செலவின. நிறுவனங்களின் பணத்திலே நிகழ்வன. ஆகவே எதிர்ப்புணர்வுக்கு ஒரு வடிகால் அமைத்து அதைக் கரைத்துவிடுவன என்பது. தேடொளி விளக்கின் பிறப்பையும் அவர்கள் சுட்டினர். போர்க்கருவியாகப் பிறந்து, 1930களில் நூரம்பேர்க் நகரின் நாற்சிக் கட்சி மாநாடுகளில் அல்பேர்ட் ஸ்பியர் என்பவராற் கலையாக்கப்பட்ட விளக்கு அது. விமான எதிர்ப்புப் படையின் நூற்றுக்கு மேற்பட்ட தேடொளிகளை வரிசையாக வானோக்கி நிறுத்தி, 'ஒளிப் பேராலயம்' ஒன்றை அவர் எழுப்பினார். அதனுள் நின்ற இலட்சம் பேரும் ஒரே அளவினராய், ஒரே குரலினராய், சிறு துணிக்கைகளாய்த் தோன்றினர்.

வரலாறு சரி, அதிலிருந்து பெறும் முடிபு தவறு. கருவியின் பிறப்பே அதன் பயனைத் தீர்மானிக்கும் என்றால் அச்சு இயந்திரத்தையும் வானொலியையும் கைவிட வேண்டியதுதான். றோணியோ இயந்திரத்தில் உருட்டிய துண்டுப்பிரசுரங்களையும் கூடவே. நூரம்பேர்க்கில் விளக்குகள் அசையாது நின்றன. மக்கள் அவற்றுக்கு அடங்கினர். ட்லாற்றெலொல்கோவில் ஒரு கிழவியின் இருமலுக்குக்கூட அவ்விளக்கு துடிக்கவேண்டியிருந்தது. அதே கருவி, அதே வலு. அதிகாரம் பாயும் திசை மட்டும் மாறிவிட்டது. உருவத்தைப் பார்த்து உள்ளடக்கத்தை மறப்பவர்களை ஓயாது கண்டிக்கும் எமது நண்பர்கள், இவ்விடத்தில் தாமே விளக்கைப் பார்த்து அது யார் கையில் என்பதை மறந்துவிடுகின்றனர். 'வடிகால்' என்ற வாதமும் வலுவற்றது. நாற்பது ஆண்டுகளாக ஒரு சதுக்கத்தைப் பற்றித் தணிந்த குரலிற் பேசிப் பழகிய மக்களுக்கு, அதே சதுக்கத்தில் நின்று உரத்துப் பேசுதல் கரைந்துபோகும் காரியமன்று.

அவர்களது இரண்டாவது ஆட்சேபம் திருமணக் கோரிக்கை பற்றியது. மாணவர் இரத்தம் சிந்திய மண்ணிலே ஒருவன் தன் காதலியை மணம்புரியக் கேட்பதா, இது அந்நினைவை மலினப்படுத்துவதன்றோ என்று வெகுண்டனர். இவ்விடத்தில் யான் அவர்களோடு உடன்பட ஒரு சிறிதும் ஆயத்தமில்லை. அச்சதுக்கம் மயானமன்று; ஆயிரக்கணக்கான குடும்பங்களின் முற்றம். 1968 இல் அங்கே சுடப்பட்டோர் வேறொன்றும் கேட்டாரல்லர். பொதுவெளியில் அஞ்சாது வாய்திறக்கும் உரிமையையே கேட்டனர். அவ்வுரிமை கிடைத்தால் மனிதர் எதைப் பேசுவர்? சிலர் அரசியல் பேசுவர், சிலர் அழுவர், சிலர் காதல் பேசுவர். தியாகிகளின் பெயராற் காதலை மௌனமாக்குபவர், நாளை தியாகிகளின் பெயராலேயே வேறு பலவற்றையும் மௌனமாக்குவர். இதற்கு உதாரணம் தேடி மெக்சிக்கோ வரை போகவேண்டியதில்லை. அந்த இளைஞன் அக்குழலை எடுத்தபோது தன் சொல்லைத் தேர்ந்துகொள்ள முடிந்தது என்பதே பொருள். புனிதமான சொற்கள் மட்டுமே அனுமதிக்கப்பட்டிருப்பின் அது மற்றுமொரு அரச விழாவாக முடிந்திருக்கும்.

ஆயினும் இப்படைப்பின்மீது எனக்கே ஒரு குறையுண்டு. அதை நண்பர்களுள் எவரும் சுட்டவில்லை. அவ்விளக்கு குரலின் வலுவை மாத்திரமே அறியும். உரக்கக் கத்துவோன் பெருவெளிச்சம் பெறுகிறான். நாத்தழுதழுத்து மெல்லச் சொல்பவள் மங்கலைப் பெறுகிறாள். பேசாது நிற்பவருக்கு இருள். ஆனால் 1968 செப்டெம்பர் 13 இல் அம்மாணவர் நிகழ்த்தியது மௌனத்தின் ஊர்வலமன்றோ? கலகக்காரர், காடையர் என்று அரசு தூற்றியபோது, அவர்கள் கண்டெடுத்த மிகக் கூர்மையான மறுமொழி வாய்கட்டி நடப்பதாகவே இருந்தது. அந்த மௌனத்தைப் பதிவு செய்ய இக்கருவியிடம் வழியில்லை. யாரேனும் ஒருவர் குழலின் முன்னே வந்து, ஒரு சொல்லும் பேசாது ஐந்து நிமிடம் நின்றிருப்பாராயின், இயந்திரம் அதை 'ஆளில்லை' என்றே கொண்டு களஞ்சியத்துக் குரல்களை ஒளியாக்கத் தொடங்கியிருக்கும். உரத்த குரல் என்று பெயரிட்ட கலைஞர் அப்பெயரிலேயே சிறைப்பட்டுவிட்டார் என்பது எனது எண்ணம். குரலற்றோரின் குரல் என்று நாம் எளிதிற் சொல்லிவிடுகிறோம். இழப்புற்றோரிற் பலர் பேச விரும்பாமலேயே இருக்கின்றனர். அவர்களையும் ஒரு கலை எண்ணுமாயின் அது இதனினும் ஒருபடி மேலானதாயிருக்கும்.

இத்தனை கூறியபின்னும் அதனை ஏனையவற்றின் மேலாக வைப்பதற்கு, அதே கோபுரத்தில் நிகழ்ந்த மற்றொன்றை ஒப்பிட்டாற் போதும். 2010 இல், அந்நாட்டின் சுதந்திரப் போராட்டத்தின் இருநூறாவது ஆண்டையொட்டி, தோமஸ் கிளாஸ்போர்ட் என்னும் கலைஞர் அக்கோபுரம் முழுவதையும் சிவப்பும் நீலமுமான ஒளிவடங்களின் வலையாற் போர்த்தினார். தோலுரிந்து புதுத்தோல் கொள்ளும் அஸ்ரெக் தெய்வமாகிய ஷீப்பே தொற்றெக்கின் பெயர் அதற்கு. அழகிய வேலை, படத்திற் பார்த்த எனக்கே கண்ணெடுக்க மனம் வரவில்லை. உள்ளூர்த் தொன்மம் உண்டு, நகர வரலாறு உண்டு, ஒளி உண்டு. ஆனால் அது எவரிடமும் எதையும் கேட்பதில்லை. பழைய அமைச்சுக் கட்டடம் புதுத்தோல் கொண்டுவிட்டது என்று அது அறிவிக்கிறது. கொண்டதா என்று ஐயுறுவோர் அதைச் சொல்ல அங்கே இடமில்லை. வரலாறு அலங்காரமாகும்போது அது பெரும்பாலும் அழகாகவே இருக்கும்.

கலை நீதியைக் கொண்டுவரும் என்று யான் வாதிட வரவில்லை. 1968 இல் உள்நாட்டமைச்சராயிருந்த லூயிஸ் எச்செவெரியா 1970 இல் சனாதிபதியானார். 2006 இல் அவர்மீது இனக்கொலைக் குற்றச்சாட்டு எழுந்து வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். 2009 இல், அதாவது அந்தத் தேடொளிகள் அணைந்து ஓராண்டு ஆகுமுன்னரே, நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2022 இல், நூறு வயது நிறைந்த பின்னர், தம் வீட்டில் இறந்தார். 1993 இல் அச்சதுக்கத்தில் நாட்டிய நினைவுக்கல்லில் இருபது பெயர்களே உள. எழுத்தாளர் எலேனா பொனியாற்றொவ்ஸ்க்கா நேரிற் கண்டோரின் வாய்மொழிகளைத் திரட்டி 1971 இல் நூலாக வெளியிட்டார்; ஒளியும் மின்சாரமுமின்றி அந்நூல் செய்த வேலையை 'வோஸ் அல்ற்றா' சில இரவுகளுக்கு வானிற் செய்தது, அவ்வளவே. அவ்வளவாவது செய்தது.

எமது மண்டபத்துக்குத் திரும்புவோம். உரையாளர் ஒளியூட்டலாம் என்று பெயர் சொல்லிக் காட்டிய கட்டடங்களுள் யாழ்ப்பாணப் பொதுநூலகமும் ஒன்று. அதன் வெண்சுவர் ஒளிக்கு மிகப் பொருத்தமானது என்றார், அது உண்மையே. அச்சுவரில் ஊரின் வரலாறு ஓடவேண்டும் என்றார். ஓடட்டும். 1981 மே 31 இரவும் யூன் முதலாந் திகதியும் வரும்போது என்ன செய்வார்? அதைத் தாண்டிப் போவாராயின், அச்சுவரே அவரைப் பொய்யராக்கும். தாண்டாது, 97,000 வரையான நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் எரிந்த தீயைச் செந்நிற ஒளியால் அச்சுவரிலேயே அசையவிடுவாராயின், பயணிகள் அதன் முன்னே நின்று படம் பிடிப்பர், குழந்தைகள் கையசைக்கச் சுவாலை உயரும், இடைவினை! எரிவதைக் கண்ட முதியவர் ஒருவர் அக்கூட்டத்தின் பின்வரிசையில் நின்றாராயின் அவருக்கு அங்கே என்ன வேலை என்பதை உரையாளர் சிந்தித்ததாகத் தெரியவில்லை. அம்முதியவர் பேச விரும்பலாம். விரும்பாது வெறுமனே நிற்கலாம். பேசினால் எந்த ஆண்டைப் பற்றிப் பேசுவார், எந்த மொழியில், யாரைக் குற்றஞ்சாட்டி, எம்மவர் சிலரையும் சேர்த்தா என்பதெல்லாம் முன்கூட்டி எவருக்கும் தெரியாது. உல்லாசப் பயணத்துறைக்கு அது உவப்பாயிராது; எம்மிற் பலருக்கும் உவப்பாயிராது.

நன்றியுரை விழுங்கிவிட்ட எனது கேள்வி இவ்வளவே: அந்தச் சுவரின் முன்னே ஓர் ஒலிவாங்கி இருக்குமா, இருக்குமாயின் அதை அணைக்கும் விசை யாரிடம் இருக்கும்?